பழைய மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டம் களுவாஞ்சிக்குடியில் இருக்கிறேன். வெல்லாவெளிப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியர் நியமனம் கிடைத்திருப்பதால் பாவித்த மோட்டார் சைக்கிள் ஒன்று தேடுகிறேன். அக்கரைப்பற்றில் ஒருவர் 125 சீசீ பைக் ஒன்றுக்கு 410,000 ரூபா சொன்னார். போனில் "கடைசி எவ்வளவு?" என்று கேட்டேன், "வந்து பாருங்க" என்றார். மூன்று கூட்டாளிமாருடன் போய், போன உடனே 275,000 கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் பைக்கை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார். போன மாதம் கல்லடியில் ஓர் அன்ரியிடம் பிரிட்ஜ் வாங்கினேன். 45,000 ரூபாவுக்கு ஒத்துக்கொண்டவரிடம், லொறியில் ஏற்றும் நேரத்தில் இன்னும் 5,000 குறைக்கச் சொன்னேன். குறைத்தார், ஆனால் முகம் மாறிவிட்டது. "உங்களோட வந்தா மானம் போகுது" என்கிறா மனைவி. கடையில் பேரம் பேசலாம், வீட்டில் பேசக்கூடாதா? எவ்வளவு குறைத்துக் கேட்டால் மரியாதை?

பதில்: வீட்டிலும் தாராளமாகப் பேரம் பேசலாம். நம் பக்கத்தில் விற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் குறைத்துக் கேட்பார்கள் என்று தெரிந்தே பத்தாயிரமோ இருபதாயிரமோ கூட்டித்தான் சொல்வார்கள். ஆனால் நீங்கள் எழுதிய இரண்டும் ஒரே ரகமான பிழை இல்லை. அக்கரைப்பற்றில் விலை விபரம் தெரியாமல் வாயைத் திறந்தீர்கள். கல்லடியில் சொன்ன வாக்கை மாற்றினீர்கள். முதலாவதைப் பழகித் திருத்திக்கொள்ளலாம். இரண்டாவதற்கு நீங்கள் ஒரு காரியம் செய்யவேண்டியிருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கடைக்காரருக்குக் கொள்முதல் விலை தெரியும், எதுவரை இறங்கலாம் என்பதும் தெரியும். நீங்கள் அடிமட்டத்துக்குக் கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். வீட்டில் விற்கிறவர் அந்தப் பைக்கை ஐந்தாறு வருடம் துடைத்து வைத்து ஓடியவர். அதைப் பார்க்காமலே மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் பொருளுக்கு விலை சொன்னதாக அவருக்குப் படாது, தன்னைக் கள்ளன் என்று சொன்னதாகத்தான் படும். அவர் உங்களுடன் வாய்த்தர்க்கப்படாமல் பைக்கை உள்ளே எடுத்தது பெருந்தன்மை.

போனில் விலை பேசாதீர்கள். "கடைசி எவ்வளவு?" என்ற கேள்விக்கு விபரம் தெரிந்த எவரும் உண்மை சொல்ல மாட்டார், சொன்னால் நேரில் வந்து அதிலிருந்து இன்னும் குறைப்பீர்கள் என்று அவருக்குத் தெரியும். போனில் கேட்க வேண்டியது வேறு: பதிவுச் சான்றிதழ் யாருடைய பெயரில் இருக்கிறது, லீசிங் மிச்சம் உண்டா, வருமான அனுமதிப்பத்திரம் (வருடா வருடம் காசு கட்டிப் புதுப்பிக்கும் வாகன லைசன்) எந்தத் திகதி வரை, விபத்தில் அடிபட்டதா, வேறு யாராவது அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்களா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒருவர் பேசி முடித்துக்கொண்டிருக்கும் வியாபாரத்தில் இன்னொருவர் குறுக்கே போய் விலையைக் கூட்டுவது நபிமொழியிலேயே தடுக்கப்பட்டது. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று வியாபாரிகள் இதில் கண்டிப்பானவர்கள். மற்ற ஊர்களிலும் நல்ல பெயர் வேண்டுமென்றால் இதே வழக்கம்தான். இருவரும் பேசிய இடத்தைவிட்டுப் பிரியும்வரை வியாபாரத்தை முறித்துக்கொள்ள இருவருக்கும் உரிமை உண்டு என்பதும் அதே மரபில் வருவதுதான். பிரிந்தபிறகு பேச்சு பேச்சுத்தான்.

நேரம் சொன்னால் அந்த நேரத்துக்குப் போங்கள், முடியாவிட்டால் முன்கூட்டியே எடுத்துச் சொல்லுங்கள். வெள்ளி மதியம் ஜும்ஆ நேரம், நோன்பு மாதத்தில் பின்னேரம், ஞாயிறு காலையில் தேவாலயத்துக்குப் போகிற வீடு, இவற்றைத் தவிர்த்து நேரம் கேளுங்கள். கூட்டமாகப் போக வேண்டாம். நான்கு ஆம்பிளைகள் முற்றத்தில் நின்று ஆளுக்கொரு குறை சொன்னால் வீட்டுப் பெண்கள் வெளியில் வரவும் கூச்சப்படுவார்கள். பைக் பார்க்கத் தெரிந்த ஒருவரை மட்டும் கூட்டிப்போங்கள், விலை பேசும் வாய் உங்களுடையதாக இருக்கட்டும். வீட்டில் பெண் தனியாக இருந்தால் கேற்றடியில் நின்றபடியே "ஆக்கள் இருக்கிற நேரம் வாறன்" என்று திரும்புவது அழகு, அல்லது மனைவியைக் கூட்டிப்போங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். குடித்ததற்காக வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை.

புறப்படும் முன் அதே மொடல், அதே வருட பைக்குகளுக்கு விளம்பரங்களில் என்ன கேட்கிறார்கள் என்று எட்டுப் பத்தாவது பாருங்கள். அவை கேட்கும் விலைகள், விற்ற விலைகள் இல்லை என்பதை மறக்காதீர்கள். வாகனச் சேலில் (வாகனம் விற்கும் கடையில்) சொல்லும் விலையில் அவர்களுடைய இலாபமும் இருக்கிறது. தயாரித்த வருடமும் பதிந்த வருடமும் வேறாக இருக்கலாம், இலக்கத்தகட்டு எழுத்தை மட்டும் பார்த்து வயதைக் கணக்குப் பண்ணாதீர்கள். "நீங்கள் எடுக்கும்போது இவ்வளவுதானே" என்ற வாதத்தையும் விட்டுவிடுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபிறகு பழைய வாகனங்கள் வாங்கிய விலையைத் தாண்டியும் விலைபோயின. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் திறந்தது. இந்த ஏற்ற இறக்கத்தில் அவர் எவ்வளவுக்கு எடுத்தார் என்பதற்கு இன்றைய விலையோடு சம்பந்தம் கிடையாது, அதைக் கேட்பதும் அநாகரிகம்.

இனி பைக்கைப் பார்ப்பது. பேரத்தின் பெரும்பகுதி இங்கேதான் முடிகிறது, இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

போனவுடன் எஞ்சினில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்னே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். குறை சொல்ல வேண்டாம், ஆறும் வரைக்கும் மற்றதைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் ஒன்றிரண்டு உதையில் எடுக்க வேண்டும். சைலன்சரில் நீலப்புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது, ரிங் அல்லது வால்வு சீல் போயிருக்கிறது. அது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, அப்படிப்பட்ட பைக்குக்கு விலை பேசுவதைவிட விட்டுவிட்டு வருவது நல்லது. ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மார்கழி மழைக்கு வெள்ளத்தில் நின்ற பைக்குகள் நம் மாவட்டங்களில் குறைவில்லை. எயார் பில்டர் பெட்டிக்குள்ளும் ஹெட்லைட் கண்ணாடிக்கு உட்புறத்திலும் சேற்றுக்கோடு தெரிந்தாலும் அதே அர்த்தம்.

பைக் ஓடிய இடத்தையும் கேளுங்கள். எழுவான்கரையில் (மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே), முக்கியமாகக் கடற்கரைப் பக்கம் வெளியில் நிறுத்திய பைக்கை உப்புக்காற்று தின்னும். ரிம், கம்பி, சைலன்சரின் அடிப்பாகம், டாங்கியின் அடிவிளிம்பு இவற்றைக் குனிந்து பாருங்கள். மேல் பெயின்ற் பளபளப்பாக இருந்தாலும் அடியில் துரு பொரிந்திருக்கும். படுவான்கரையில் (வாவிக்கு மேற்கே) ஓடியதென்றால் துரு குறைவு, ஆனால் கிறவல் ரோட்டில் 50 கிலோ உரப்பை ஏற்றியிருப்பார்கள். பின்பக்கச் சொக் (அதிர்வு தாங்கி) இரண்டும் அமர்ந்து போயிருக்கும், கெரியர் பொருத்தும் இடத்தில் ஒட்டுப்போட்ட அடையாளம் இருக்கும். பின்சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று கைக்குத் தெரியும். நீங்களும் பட்டிருப்புப் பாலம் தாண்டி அந்த ரோட்டில்தான் ஓடப்போகிறீர்கள், ஆகவே இது உங்களுக்கு முக்கியம்.

செயினைப் பின் பற்சில்லின் நடுவில் விரலால் பின்னோக்கி இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரியும் அளவுக்குச் செயின் எழும்பினால் அது முடிந்துவிட்டது. பல்லின் நுனி கொக்கிபோல ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செயினோடு முன் பின் பற்சில்லுகளையும் சேர்த்து முழுசெற்றாக மாற்ற வேண்டும். புதுச் செயினைத் தேய்ந்த பல்லில் போட்டால் செயினும் கெதியில் கெட்டுவிடும். டயர் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ நிறைய இருந்தாலும் ஆறு வருடம் கடந்து பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தால் அது மாற்ற வேண்டிய டயர். முன்சொக் குழாயைச் சுற்றி விரலை ஓட்டுங்கள், ஒயில் ஒட்டினால் சீல் போய்விட்டது. எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் சான்றிதழோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

ஓடிப் பார்க்கக் கேட்கும்போது உங்கள் பைக்கையோ அடையாள அட்டையையோ அவரிடம் விட்டுவிட்டுப் போங்கள். அவர் கேட்குமுன் நீங்களே கொடுப்பது மரியாதை. ஹெல்மெற் போட்டு, ஒரு கிலோமீற்றருக்குள் திரும்பிவிடுங்கள்.

பார்த்ததில் எல்லாவற்றையும் விலைக்குள் இழுக்காதீர்கள். ஒயில், பிளக், பிரேக் சூ, சின்னக் கீறல் இவையெல்லாம் பழைய பைக் என்ற சொல்லுக்குள் அடக்கம், அவர் சொன்ன விலையே அதைக் கணக்கில் எடுத்ததுதான். கணக்கில் சேர்க்கத் தகுந்தவை: டயர், செயின் செற், சீல், பற்றரி, சொக், கட்டாத அனுமதிப்பத்திரம். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறக்கிறார்கள். வருடக்கணக்கில் கட்டாமல் விட்டிருந்தால் பிரதேச செயலகத்தில் பழைய நிலுவையும் தண்டமும் சேர்த்துத்தான் கட்ட வரும், அதற்கு முன் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றும் வேண்டும்.

உங்கள் கராஜில் முன்கூட்டியே கேட்டு ஒவ்வொன்றின் செலவையும் எழுதிக்கொண்டு போங்கள். கணக்கு விளங்குவதற்காக இப்படி வைப்போம்: பின் டயர் 9,000, செயின் செற் 8,000, முன்சொக் சீல் கூலியோடு 4,000, பற்றரி 6,000, அனுமதிப்பத்திர நிலுவை 3,000. மொத்தம் 30,000. 410,000இலிருந்து இதைக் கழித்தால் 380,000. அதுதான் நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம். அதற்குக் கீழே 20,000 அளவில் தொடங்கினால் இரண்டு பேரும் அசைய இடமிருக்கும். 360,000 என்பது அவர் சொன்னதில் நூற்றுக்குப் பன்னிரண்டு குறைவு. பத்து முதல் பதினைந்து வீதம்வரை காரணத்தோடு கேட்டால் எவரும் கோபிக்க மாட்டார். இருபத்தைந்தைத் தாண்டினால் "எனக்கு வேண்டாம்" என்பதைச் சுற்றிவளைத்துச் சொல்வதுபோலத்தான். உங்கள் பட்ஜெட்டே 275,000 என்றால் அந்தப் பைக்கைப் பார்க்கவே போயிருக்கக்கூடாது, அந்த விலைக்கு வரும் பைக்கைத் தேட வேண்டும்.

சொல்லும் விதம் இப்படி இருக்கலாம் (முஸ்லிம் ஊர்களில் அண்ணனைக் காக்கா என்பார்கள்):

"காக்கா, பைக்க நல்லாத்தான் வெச்சிரிக்கீங்க. எஞ்சினில ஒரு குறையும் சொல்லேலா. பின் டயர், செயின் செற், பற்றரி உடன மாத்தணும், முன்சொக்கும் லீக். லைசனும் நிலுவை இரிக்கி. எல்லாமா முப்பதுக்கு வருது. சல்லி கையில இரிக்கி, மூணு அறுபதுக்குத் தந்தீங்கண்டா இண்டைக்கே பேப்பர முடிச்சிரலாம்."

முதலில் நல்லதைச் சொன்னதைக் கவனியுங்கள். அது முகத்துதியாக இருக்கக்கூடாது, உண்மையில் கண்டதாக இருக்க வேண்டும். குறையைப் பைக்கின் மேல் சொல்லுங்கள், "நீங்க பராமரிக்கல்ல" என்று ஆளின் மேல் சொல்லாதீர்கள். "இத இரும்புக்கடைக்குத்தான் போடணும்" போன்ற பகிடி, அவருடைய பிள்ளைகள் முன்னால், சொல்லவே கூடாது. தொகையைச் சொன்னபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வருமுன் நீங்களே "சரி, மூணு எழுபது" என்று ஏறினால் உங்கள் கணக்கை நீங்களே கெடுக்கிறீர்கள்.

அவர் "நாலுக்குக் குறையா" என்றால் ஒரேயடியாகப் பாதியில் சந்திக்க ஓடாதீர்கள். 360, 372, 378 என்று படி சிறுத்துக்கொண்டு போகட்டும், இனி இடமில்லை என்பது சொல்லாமலே விளங்கும். பணத்தில் இறங்காதவர் வேறொன்றில் இறங்குவார். நிலுவையை அவர் கட்டித் தரட்டும், ஹெல்மெற்றையோ புது பற்றரியையோ சேர்த்துத் தரட்டும். "அறுதி விலை, குறைக்கிறதில்ல" என்று தொடக்கத்திலேயே சொன்னவரிடம் ஒரு தரம் கேட்கலாம், இரண்டாம் தரம் கேட்கக்கூடாது. அம்பாறை நகரத்துப் பக்கம் சிங்கள உரிமையாளரிடம் என்றால் "டிக்கக் அடு கரன்ன புலுவன்த அய்யே?" (கொஞ்சம் குறைக்க ஏலுமா அண்ணே?) என்று அவர் மொழியில் ஒரு வரி கேட்டுப் பாருங்கள், இல்லையென்றாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

வாங்கும் எண்ணமில்லாவிட்டால் "யோசிச்சிப்போட்டுச் சொல்றன்" என்று சொல்லாதீர்கள். அதை நம்பி அவர் வேறு ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார். "எனக்குக் கட்டுபடியாகாது காக்கா, குறை நினைக்காதீங்க" என்றால் கதை முடிந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் பெரும்போக விதைப்புக்கும் உரத்துக்கும் காசு தேவைப்பட்டு விற்பவர்கள் உண்டு. மாசி, பங்குனியில் அறுவடைக் காசு கையில் வந்ததும் வாங்குபவர்கள் கூடுவார்கள், விலையும் விறைப்பாக நிற்கும். ஆகவே விதைப்புக்கு முன்னே தேடுவது உங்களுக்கு இலாபம்தான். ஆனால் விற்பவர் அவசரத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் அதை வாயால் சொல்லிக்காட்டாதீர்கள். இன்றே ரொக்கம் தருகிறேன் என்பதற்காக ஐந்து, பத்தாயிரம் குறைப்பது நியாயம். மகளின் கலியாணத்துக்கு விற்கிறார் என்று தெரிந்து அரைவிலை கேட்பதைப் பேரம் என்ற கணக்கில் சேர்க்க மாட்டேன்.

தரகர் மூலம் போனால் கொமிசன் யார் கொடுப்பது, எவ்வளவு என்பதைப் பைக்கைப் பார்க்குமுன் பேசிவிடுங்கள். பார்த்தபின் அவரைத் தாண்டி உரிமையாளருடன் தனியாக முடிக்காதீர்கள்.

நீங்கள் சொன்ன தொகைக்கு அவர் "சரி" என்றால், பிரியும்வரை முறிக்க உரிமை இருந்தாலும், மரியாதைப்படி அந்த நொடியிலிருந்து நீங்கள் வாங்கக் கடமைப்பட்டவர். உடனே ஒத்துக்கொண்டாரே, இன்னும் குறைத்துக் கேட்டிருக்கலாமோ என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். வந்துவிட்டுப் போகட்டும், வாயில் வரக்கூடாது. வாங்க மனமில்லாத தொகையை ஆழம் பார்க்கச் சொல்லவும் கூடாது. இதற்கு ஒரே விலக்கு, பேசியபிறகு தெரியவரும் மறைத்த குறை: இலக்கம் பொருந்தாமை, சொல்லாத லீசிங், வெள்ளத்தில் நின்ற எஞ்சின் போன்றவை. அப்போதும் விலையைக் குறைக்காமல் விலகுவதே பெரும்பாலும் புத்தி.

அட்வான்ஸ் 5,000 அல்லது 10,000 போதும். ஒரு தாளில் வாகன இலக்கம், எஞ்சின், செசி இலக்கங்கள், பேசிய விலை, கொடுத்த தொகை, மீதி கொடுக்கும் திகதி, யார் பின்வாங்கினால் அட்வான்ஸ் என்னாகும் என்பது, இரண்டு பேரின் கையொப்பம், சாட்சி ஒருவர். திகதி தவறினால் அட்வான்ஸைக் கேட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். மீதியை வங்கியில் வைத்து எண்ணிக் கொடுப்பது இருவருக்கும் பாதுகாப்பு. கணக்குக்கு மாற்றினால், உங்கள் போனில் தெரியும் ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டித் திறப்பைக் கேட்காதீர்கள், அவர் கணக்கில் விழும்வரை உட்கார்ந்திருங்கள்.

காகிதத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "ஓப்பன் பேப்பர்" பைக்கை, அதாவது வெறும் கையொப்பமிட்ட படிவத்தோடு மூன்று நான்கு கைமாறியதை, விலை குறைவென்று எடுக்காதீர்கள். பதிந்த உரிமையாளரே எம்.டீ.ஏ. 6 என்ற உரிமை மாற்றப் படிவத்தில் உங்கள் முன் கையொப்பமிட்டு அடையாள அட்டைப் பிரதி தரவேண்டும். அவர் தன் பங்குக்கு, உரிமையை மாற்றியதை அறிவிக்கும் எம்.டீ.ஏ. 8 படிவத்தை 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் பதிவுத்தபாலில் அனுப்பவேண்டும். நீங்கள் எங்காவது மோதினால் பொலிஸ் தேடிப்போவது அவர் வீட்டைத்தான், அதனால் இதை நீங்களே நினைவூட்டினால் உங்கள் மேல் அவருக்கு நம்பிக்கை வரும், விலைப் பேச்சும் இலேசாகும். லீசிங் உள்ளதென்றால் சான்றிதழில் நிதிக் கம்பனியின் பெயர் ஏறியிருக்கும். கம்பனியின் விடுவிப்புக் கடிதம் வரும்வரை முழுக்காசு கொடுக்காதீர்கள். வழிமுறையில் சந்தேகமென்றால் அரச தகவல் நிலையத்தின் 1919 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

கல்லடி விடயத்துக்கு வருகிறேன். அன்ரி 45,000க்கு ஒத்துக்கொண்டார், பிரிட்ஜ் லொறியில் பாதி ஏறியிருக்கிறது, கூலியாட்கள் நிற்கிறார்கள், அயலவர் பார்க்கிறார்கள். அந்த நிலையில் அவர் "இறக்குங்க" என்று சொல்ல முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த 5,000 ரூபாவையும் கொண்டுபோய்க் கொடுங்கள். "அன்ரி, அண்டைக்கு நான் பேச்சு மாறினது சரியில்ல, இது உங்கட காசு" என்ற அளவில் போதும், நீட்டி விளக்கம் வேண்டாம். மனைவியையும் கூட்டிப்போனால் நல்லது.

அக்கரைப்பற்றுக்காரருக்குப் போன் எடுப்பதென்றால் விலையைப் பற்றி ஒன்றும் பேசாதீர்கள். "அண்டைக்குப் பைக்கச் சரியாப் பார்க்காமக் கேட்டுட்டன், குறை நினைக்காதீங்க. விக்கல்லயெண்டா ஒருக்கா வந்து வடிவாப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வரச்சொன்னால் கராஜ்காரரை மட்டும் கூட்டிக்கொண்டு, கணக்கெழுதிய தாளோடு போங்கள். விற்றுவிட்டேன் என்றால் நன்றி சொல்லி வையுங்கள்.